செம்மண் பிளவுகளிடையே ஒரு நாள்

கொல்கத்தாவில் குடியேறி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும், ரயில் கோலாகாட் பாலத்தின் மீது கடகடவென்று ஓடும்போது, கீழே அகன்று கிடக்கும் ரூப்நாராயண் ஆற்றை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு உறங்கிவிடுவது என் வழக்கம். அந்த ஆற்றுக்கு வரும் நீரும் மண்ணும் கடந்து வந்த இடம் ஒன்றைச் சென்ற மார்கழியில்தான் நேரில் கண்டேன்.

அதற்குக் காரணம் என் பேத்தி. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்திலுள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கின் படங்களை அவள் ஒரு நாள் காட்டினாள். இருபுறமும் அலையலையாய் மணற்பாறைச் சுவர். நடுவே ஆள் நுழையுமளவு இடைவெளி. உச்சியிலிருந்து தூண் போல் இறங்கும் ஒளி. "இதுபோல் நம் பக்கத்தில் இல்லையா, தாத்தா?" என்றாள். அச்சாக அதுபோல் இல்லை. வங்காளம் பாலைவனமும் அன்று. ஆயினும் அதற்கு உறவு சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில், கர்பேதாவை அடுத்துச் சிலாபதி ஆற்றங்கரையில் உள்ள கங்கனிதான் அது.

கரக்பூர், மேதினிபூர் வழியாகப் பாங்குரா செல்லும் ரயிலில் கர்பேதாவில் இறங்கினோம். முந்திரித் தோப்புகளைக் கடந்ததும் தரை திடீரென்று இல்லாமற் போகிறது! பத்து ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக, சிவப்பும் மஞ்சளும் வெண்மையுமாகப் பூமி கிழிந்து கிடக்கிறது. பீமனும் பகாசுரனும் பொருத இடம் என்பர் ஊரார். பார்த்தவுடன் நம்பத்தான் தோன்றுகிறது.

உண்மையில் போர் தொடுப்பது மழையே. மேலே இருப்பது கெட்டியான செம்பாறாங்கல். கீழே இளகிய களிமண். புக்கானன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கேரளத்து அங்காடிப்புரத்தில் தாம் கண்ட இக்கல்லுக்கு 1807இல், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். ஆகவே நம் தென்னாட்டாருக்கு இது அயற்கல் அன்று. மழைநீர் வெடிப்புகளின் வழியே இறங்கி அடிமண்ணைக் கரைத்துச் செல்கிறது. மேலோடு மட்டும் கூரைபோல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு ஒரு நாள் விழுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்து என்ன பயன்? "அந்த ஓரத்தில் நில்லுங்கள் தாத்தா, பின்னால் ஆறு தெரியும்" என்று பேத்தி சொன்னவுடன், அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு நடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "ஸொரே ஆஷுன்!" என்று கூவினார். விலகி வந்தேன். அவர் எங்களைப் படிகள் வழியே கீழே அழைத்துச் சென்று, நான் நிற்கவிருந்த இடத்தைச் சுட்டிக் காட்டினார். அடியில் ஒன்றுமில்லை, ஒரு முழக் கனமே உள்ள மண் தட்டு! தம் மாமனார் அவரை பயிரிட்ட நிலமும் இவ்வாறே போயிற்று என்றார். நமக்குக் காட்சி, அவருக்கு இழந்த சொத்து.

ஆன்டிலோப் பள்ளத்தாக்கிலும் 1997 ஆகஸ்டில், தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் புகுந்து பதினொரு பயணிகளைக் கொண்டுசென்றது. அழகு செய்த நீர்தான் அதையும் செய்தது.

படமெடுக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். நண்பகலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் வெயில் சாய்ந்ததும் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். குறுகிய பிளவுகளில் வானத்தைப் படத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சுவர் கறுத்துவிடும். கைப்பேசி தானாகவே நிறத்தைச் 'சரி' செய்து செம்மையைக் குறைத்துவிடுகிறது. அதை வெயில் ஒளிக்கென உள்ள அமைப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் பேத்தி கற்பித்தது. அவள் எடுத்தவற்றுள் சிறந்தது, கீழிருந்து அந்த மண் தட்டை எடுத்த படம்.

சிலாபதி காட்டால் பக்கம் துவாரகேஸ்வருடன் கூடி ரூப்நாராயண் ஆகிறது. கங்கனியில் கரைந்த மண் கோலாகாட் பாலத்தின் கீழேதான் செல்கிறது. ஆவணியில் ஒரு திருமணத்திற்காக ஊருக்குப் புறப்படுகிறோம். கோலாகாட் தாண்டும் வரை என்னை உறங்க விடாதே என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.