பசுமைவழிச் சாலையில் இரண்டு சைக்கிள்கள்

சென்னையில் 'பசுமைவழிச் சாலை' என்று ஒரு ரோடு இருக்கிறது. கிரீன்வேஸ் ரோடு என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். மந்திரிகள், நீதிபதிகள் பங்களா, பெரிய பெரிய மரங்கள், பேருக்கேற்ற நிழல்... எல்லாம் சரி. ஆனால் வெளிநாட்டில் 'கிரீன்வே' என்றால் அர்த்தமே வேறு. கைவிட்ட ரயில் பாதை, ஆற்றங்கரை, கால்வாய்க்கரை மாதிரி இடங்களை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடுவார்கள். மோட்டார் வண்டி உள்ளே வரக்கூடாது. நம்ம பசுமைவழியில் பசுமை இருக்கிறது, காரும் பஸ்ஸும் இருக்கிறது, சைக்கிளுக்குத்தான் இடமில்லை!

அந்த ரோட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் சைக்கிளில் போனார்கள். இருவரும் பி.காம். கடைசி வருடம். ஒருவன் மயிலாப்பூர், அவனுடையது கியர் வைத்த சைக்கிள். இன்னொருவன் தி.நகர். அவன் ஓட்டுவது ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். ஐந்து வருடமாக அதே வண்டி. சீட்டை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறான்.

தெப்பக்குளத்திலிருந்து கிளம்பி ஆர்.கே. மடம் ரோடு, மந்தைவெளி வழியாகப் போனால் பறக்கும் ரயில் குறுக்கே வரும். அந்த ரயிலின் தூண்கள் நிற்பது பக்கிங்காம் கால்வாயில். ஆந்திராவிலிருந்து விழுப்புரம் மாவட்டம் வரை ஓடும் கால்வாய். ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில் வந்த வழி. இப்போது பாலத்தில் வண்டியை நிறுத்தினால் மூக்கைத்தான் பொத்த வேண்டும். சென்னைக்கு ஒரு பசுமைவழி இயற்கையாக அமைந்திருக்க வேண்டுமென்றால் அது இந்தக் கால்வாய்க்கரைதான். அதன்மேல் தூண் வைத்து 1997-ல் மயிலாப்பூர் வரை ரயில் விட்டார்கள். ரயில் வேண்டியதுதான். கரையையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

சத்யா ஸ்டூடியோ பக்கம் திரும்பி திரு.வி.க. பாலம் ஏறும்போது பேச்சு நின்றுவிடும். அங்கே பேசிக்கொண்டே ஓட்ட முடியாது. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், காதெல்லாம் ஹாரன். போன மாதம் இதே பாலத்தில் ஒரு வேன் தி.நகர்க்காரனின் கைப்பிடியை உரசிவிட்டுப் போயிருக்கிறது. முழங்கையில் தழும்பு இருக்கிறது. வீட்டில் "கால் தடுக்கிடுச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறான்.

பாலம் இறங்கி பெசன்ட் அவென்யூவில் நுழைந்தால் உலகமே வேறு. ஒரு பக்கம் முழுக்க தியசாபிகல் சொசைட்டி மதில். 1882-லிருந்து அவர்கள் அடையாறில் இருக்கிறார்கள். மதிலுக்கு மேல் மரங்கள் எட்டிப் பார்க்கும். காற்றும் குளிர்ந்துவிடும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்ட முடிந்தது அங்கேதான். பேச்சும் அங்கேதான் ஆரம்பித்தது.

"மச்சி, வண்டி எடுக்கப் போறேன்டா."

"எதுக்குடா? இது நல்லாத்தானே ஓடுது?"

"ஆடிட்டர் சார் ஜூன்லேர்ந்து ஃபுல் டைம் வரச் சொல்றாரு. கிளையண்ட் ஆபீஸுக்கெல்லாம் போகணுமாம். டூ வீலர் இருந்தாத்தான் எடுப்பேன்னுட்டாரு."

காமர்ஸ் பையன்கள் ஆயிற்றே, உடனே கணக்கு. தி.நகர்-அடையாறு போக வர 14 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 350. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும் பெட்ரோலுக்கு மட்டும் 800 ரூபாய் பக்கம். இ.எம்.ஐ. 3,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் தனி. சம்பளமோ 12,000. அப்பா ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் நிற்கிறார். தங்கை ப்ளஸ் டூ. "சம்பளத்துல மூணுல ஒரு பங்கு வண்டிக்கே போயிடும்டா" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஊரூர் குப்பம் தாண்டி உடைந்த பாலம். 1967-ல் கட்டியது. அடையாறு கடலில் சேரும் இடத்தில், மீனவர்கள் அக்கரைக்கு நடந்து போக. 1977-ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பத்து வருடம்தான் ஆயுள். யாரும் திரும்பக் கட்டவில்லை. சினிமாக்காரர்களுக்கும் போட்டோ எடுப்பவர்களுக்கும் அது அழகான இடம்.

"இது மட்டும் இருந்திருந்தா பட்டினப்பாக்கத்துலேர்ந்து அஞ்சு நிமிஷம்டா. அந்தப் பாலம் பக்கமே போக வேணாம்" என்றான் மயிலாப்பூர்க்காரன்.

"பாலம் இருந்தாலும் ஆடிட்டர் சைக்கிள்ல வரச் சொல்லுவாரா?" என்றான் மற்றவன்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரமே வண்டி புக் ஆகிவிட்டது. சைக்கிள் தங்கைக்கு என்று சொன்னான். ஆனால் அம்மா அந்த ரோட்டில் பெண்ணை சைக்கிளில் விட மாட்டேன் என்கிறார்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. இந்த மாநிலத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு வருடா வருடம் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிறார்கள். 2001-ல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து அப்புறம் எல்லோருக்கும் ஆன திட்டம். கிராமத்தில் எத்தனையோ பெண்களைப் படிக்க வைத்திருக்கிறது. சென்னை மாநகராட்சியும் 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு ஒரு கொள்கை போட்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அதைப் பார்த்தால் மனசு வைத்தால் முடியும் என்று தெரிகிறது. நடப்பவருக்குக் கொஞ்சம் கிடைத்தது, சைக்கிளுக்கு இன்னும் வரவில்லை.

சைக்கிளை இலவசமாகக் கொடுத்தாயிற்று. அதை ஓட்டிக்கொண்டு போய் உயிரோடு திரும்ப ஒரு மூன்றடி ரோடு கொடுத்தால், ஒரு பையன் முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொண்டு போவான். அவ்வளவுதான் விஷயம்.