ஆண்டுப் பணமும் அறவிடும் வழியும்

விசுவமடுவில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியினுள் காணியின் அனுமதிப்பத்திரத்தோடு நூலாற் கட்டிய பற்றுச்சீட்டுக் கட்டொன்றையும் என் தந்தையார் பேணி வந்தார். அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்திய பணத்துக்கான சீட்டுகள் அவை. தொகை சிறிதே. 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கு நல்ல விலை இருந்தபோது, அதனை யாரும் பொருட்படுத்தவில்லை. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழவே, அச்சிறுதொகையும் நிலுவையாயிற்று. அந்நாள்களில் தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால், “கச்சேரிக் கடிதமோ?” என்று தந்தையார் எழுந்து நிற்பார்.

அவ்வச்சத்தின் வேரைப் பின்னாளிற் சட்டநூல்களிலே தேடினேன். ஆண்டுப் பணம் செலுத்தாதவனிடத்து எதனைப் பற்றுவது? அவனையா, விளைவையா, நிலத்தையா? பழைய ஆங்கிலச் சட்டம் ஆளுக்கெதிராகவே தனியொரு வழக்கு முறையை வைத்திருந்தது. 1833இல் அது ஒழிக்கப்பட்டது. நிலத்தின்மீது சுமத்தப்பட்ட ஆண்டுத்தொகை குறித்து 1881ஆம் ஆண்டின் உரிமைமாற்றுச் சட்டம் மூன்று வழிகளை வகுத்தது. தவணை கடந்து 21 நாளாயின் நிலத்திலுள்ள அசையும் பொருளைத் தடுத்துவைக்கலாம். 40 நாளாயின் நிலத்துட் புகுந்து, நிலுவை தீருமட்டும் வருமானத்தை எடுக்கலாம். அல்லது நிலத்தை நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவருக்குக் குத்தகையாக்கிப் பணம் திரட்டலாம்.

இரண்டாம் வழி எமக்கு அந்நியமானதன்று. தேசவழமையின் ஒற்றியிலும் விளைவு கடன்கொடுத்தவனைச் சேரும், நிலம் உரியவனதே. அங்கு விளைவு வட்டிக்கு ஈடு, இங்கு நிலுவைக்கே ஈடு என்பதே வேறுபாடு. மூன்றாம் வழியோ பார்வைக்குச் சாது. சில பவுண் நிலுவைக்காக 99 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்ட விவகாரமொன்று 2016இல் இங்கிலாந்தின் மேல் நியாயசபை வரை சென்றதை அறிந்தபோது திகைத்தேன்.

எனினும் இலங்கை கண்ட கொடுமை இதனினும் பெரிது. 1878ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்கீழ் நெல்வரி பணமாக மாற்றப்பட்டது. விளைச்சல் பொய்த்தாலும் பணம் பொய்க்கலாகாது. வலப்பனையில் 1882 முதல் 1885 வரை அற்ப நிலுவைகளுக்காக வயல்கள் விற்கப்பட்டன, குடும்பங்கள் வெளியேறின, பட்டினியாற் பலர் மாண்டனர். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை வெளிப்படுத்தினார். 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. வரி வாங்க வயலையே விற்றபின், மறு ஆண்டு யாரிடம் வாங்குவது என்று எவரும் கேட்கவில்லைப் போலும்!

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் இந்நினைவு மறையாத காலத்தில் எழுந்தது. அதன்கீழ் வழங்கிய காணியை எந்த நீதிமன்றத் தீர்ப்பின் நிறைவேற்றத்துக்காகவும் கைப்பற்றி விற்க முடியாது. கடைக்காரனிடமிருந்தும் வட்டிக்காரனிடமிருந்தும் எங்கள் மண்ணைக் காத்தது அவ்வேற்பாடே. ஆனால் அரசு தன் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. நிபந்தனை மீறப்பட்டால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யலாம். ஆண்டுப் பணமும் ஒரு நிபந்தனை. ஆயினும் முன்னறிவித்தல் வேண்டும். குறித்த நாளில் உரியவர் வந்து காரணம் காட்ட இடமளித்தல் வேண்டும். முடிவு பாதகமாயின் காணி ஆணையாளரிடம் மேன்முறையீடும் உண்டு. தந்தையார் அஞ்சிய கடிதம், உண்மையில், “வந்து சொல்” என்ற அழைப்புமாகும். அதனை அவருக்கு எடுத்துரைப்பார் அன்று இல்லை. கடிதமும் வரவில்லை, அச்சம் மட்டும் ஆண்டுதோறும் வந்தது.

2009 சனவரியில் இடம்பெயர்ந்தபோது அனுமதிப்பத்திரம் அவர் மடியிலே வந்தது. பற்றுச்சீட்டுக் கட்டு பெட்டியோடு போயிற்று. மீள்குடியேறிய பின் ஒருநாள் மாலை, நான் படித்தவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னேன். வலப்பனைக் கதையைப் பேசாது கேட்டார். ஆங்கிலச் சட்டத்தின் 40 நாள் கணக்கு வந்ததும் இடைமறித்தார்.

“அந்த நாப்பது நாளுக்குள்ளை மழை பெய்யாட்டி?”