வாயில்லாப் பூச்சி

ஆபீஸில் எனக்கு 'வாயில்லாப் பூச்சி' என்று பெயர். மானேஜர் திட்டினாலும் தலையாட்டுவேன், பாராட்டினாலும் தலையாட்டுவேன். நிஜமான வாயில்லாப் பூச்சியைப் பார்க்க நான் ஈக்வடார் வரை போக வேண்டியிருந்தது!

2019-ல் வேலை விஷயமாக அந்நாட்டுத் தலைநகர் கீட்டோவுக்கு அனுப்பினார்கள். 2,850 மீட்டர் உயரம். நம்ம தொட்டபெட்டா சிகரமே அதற்குக் கீழேதான். ஒரு மாடி ஏறினால் போதும், மூச்சு வாங்குகிறது.

சனிக்கிழமை லீவு. "ராத்திரி காட்டுல பட்டுப்பூச்சி பார்க்கலாம், வர்றீங்களா சார்?" என்றார் டிரைவர். பட்டு என்றதும் மனைவி முகம் ஞாபகம் வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டரைத் தாண்டும் பாப்பலாக்டா கணவாய். அதைக் கடந்து கிழக்கே இறங்கினால் கோசாங்கா. உயரம் சுமார் 2,000 மீட்டர். மரத்துக்கு மரம் மேகம் தொங்குகிறது. ஸ்வெட்டருக்குள்ளும் நடுக்கம்.

இரண்டு கம்பு நட்டு, வேட்டி மாதிரி வெள்ளைத் துணியைக் கட்டி, முன்னால் ஒரு பெரிய பல்பைப் போட்டார். சற்று நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வந்து ஒட்டியது. காய்ந்த சருகு நிறம்.

"ஆட்டோமெரிஸ்" என்று சொல்லி லேசாகத் தொட்டார். முன் இறக்கைகள் சட்டென விலகின. பின் இறக்கைகளில் இரண்டு பெரிய கண்கள் என்னை முறைத்தன! நான் இரண்டடி பின்னால் போனேன்.

"பயப்படாதீங்க, வெறும் படம். குருவியை விரட்டறதுக்கு."

"இதுல புடவை நெய்யலாமா?"

"சருகுக்குள்ள மெல்லிசா ஒரு கூடு கட்டும். அவ்வளவுதான்."

புடவைக் கனவு அம்பேல்!

அதன் ஜாதகத்தைச் சொன்னார். இலையில் முட்டை. அதிலிருந்து வரும் புழு உடம்பெல்லாம் முள், தொட்டால் தீயாக எரியும். கூட்டமாகச் சேர்ந்து தின்னும், தோலுரிக்கும், மறுபடி தின்னும். பிறகு கூடு. இறக்கையோடு வெளியே வந்தால் சாப்பிட வாயே கிடையாது! புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புதான் பிராவிடண்ட் ஃபண்ட். அது தீர்வதற்குள், ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஜோடி சேர வேண்டும்.

துணியில் இருந்த பூச்சி வெடவெடவென்று நடுங்கியது.

"பாவம், குளிருது" என்றேன்.

"இல்ல சார், பறக்கறதுக்கு முன்னால இன்ஜினைச் சூடு பண்ணுது. அந்தச் சேமிப்புதான் பெட்ரோல். இறகு மாதிரி மீசை இருக்கே, இது ஆண். காட்டுல எங்கேயோ பெண் பூச்சி வாசனை விட்டுக் காத்திட்டிருக்கும். இது இங்கே நம்ம பல்பைச் சுத்திட்டிருக்கு."

"இன்னும் ஒரே ஒரு போட்டோ... அஞ்சு நிமிஷம்."

"நமக்கு அஞ்சு நிமிஷம். அதுக்கு மொத்தமே ஏழெட்டு ராத்திரி."

பல்பை அணைத்துவிட்டார். கும்மிருட்டு. சிறிது நேரம் கழித்துக் காதோரமாக இறக்கைச் சத்தம் ஒன்று காட்டுப் பக்கம் போனது.

லாட்ஜுக்குத் திரும்பினோம். வாசலில் ஆள் இல்லாமல் இரண்டு விளக்குகள் எரிந்து கொண்டிருந்தன. சுற்றிலும் பூச்சிகள். நேராக ரிசப்ஷனுக்குப் போய், "முதல்ல அந்த லைட்டை அணைங்க!" என்றேன்.

அணைத்தார்கள். நான் வாய் திறந்து கேட்டு நடந்த முதல் காரியம் அதுதான்!