காத்திருக்கும் கால்கள்

கபடி பார்க்கச் செல்வோரின் கண்கள் பெரும்பாலும் பாடிச் செல்பவனையே பின்தொடர்கின்றன. 30 வினாடிக்குள் எதிர்க்களம் புகுந்து தொட்டு மீளும் அவனுக்கே கைத்தட்டல். களத்தின் கோடியில் நின்று அவன் கணுக்காலைப் பற்றுகிறவனை யார் நினைக்கிறார்கள்? பாய்ந்து திமிறுபவனின் பாரமெல்லாம் பிடிப்பவன் தோளிலும் முழங்காலிலும்தான் இறங்குகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள நம் மகாராஜபுரத்தில் இளைஞன் ஒருவன் அப்படிப் பிடிப்பவன். சென்ற பொங்கல் ஆட்டத்தில் அவனுடைய வலது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்துபோயிற்று. தொடையின் பின்புற நாரிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் பொருத்திய மருத்துவர், 9 மாதமாவது களம் இறங்கலாகாது என்றார். புதிதாக வைத்த நார் உறுதிப்பட அவ்வளவு காலம் வேண்டும்; முந்தினால் மறுபடியும் அறுந்துபோக இடமுண்டு.

"அண்ணாச்சி, இனிமே களத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அவன் தாயார் நம்மிடம் வந்து நின்றார். தென்னந்தோப்பு வேலையை நம்பிய குடும்பம். கால் போனால் ஆட்டம் மட்டுமா போகும்? பிழைப்பும் போகும். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. அவனோ, 22 வயதிலேயே எல்லாம் முடிந்துவிட்டதென்று வாடிக் கிடந்தான்.

நாம் அவனிடம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனைப் பற்றிப் பேசினோம். 1975இல் பிறந்தவர், அவரும் பிடிப்பவரே. மண்ணில் ஆடிப் பழகிய தலைமுறை. புரோ கபடி 2014இல் தொடங்கியபோது, பலர் ஓய்வை நாடும் வயது அவருக்கு. 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 41. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். 44 வயதிலும் அவரைக் களத்தில் கண்டோம்.

இளையோரின் வேகத்தோடு அந்த வயதில் போட்டியிடுவது எப்படி? கோடியில் நிற்பவனின் கலையே காத்திருத்தல்தான். அவசரப்பட்டுப் பாய்ந்தவன் தொடப்பட்டு வெளியேறுகிறான். வருபவனின் கால் தன் எல்லைக்குள் ஊன்றும் அந்த ஒரு கணம்வரை அடங்கி நிற்பவனே பிடிக்கிறான். வயது வேகத்தைக் குறைக்கலாம். இந்த அடக்கத்தைக் குறைப்பதில்லை.

விடாமுயற்சி என்றால் வலியை மறைத்துக்கொண்டு ஆடுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது வீரமன்று, தன் உடலுக்குத் தானே இழைக்கும் கொடுமை. மருத்துவர் சொன்ன நாள்வரை வெளியே அமர்ந்து, சலிப்பூட்டும் பயிற்சியைத் தினந்தோறும் செய்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

தாயாரிடம் நாம் சொன்னது இதுதான்: "போகாதே என்று சொல்ல மாட்டோம், அம்மா. நாளுக்கு முன்னால் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்வோம். காலம் முடிந்தபின் மருத்துவர் சரியென்றால், முடிவு அவனுடையது."

தாயாரின் முகம் முழுவதும் தெளியவில்லை. ஆயினும் மகனை அழைத்து, அன்றைய பயிற்சி முடிந்ததா என்று கேட்டார்.