யாளியின் கண்

மார்ச் 2

எங்கள் வீடியோ சர்வர் 97 சதவீதம் நிரம்பிவிட்டது என்று காலையில் மெயில். செந்தாரப்பட்டிப் பக்கம் நேற்று நடந்த கூத்தை ஏற்றிக்கொண்டிருந்த தம்பி போன் செய்தான். "அண்ணா, பாதியிலேயே நின்னுபோச்சு." இன்றைக்கு ஏற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

நான்கு வருடமாக இந்த நோட்டில் வரவு செலவு மட்டும்தான் எழுதி வந்தேன். இன்று முதல் மற்றதையும் எழுதப் போகிறேன்.

மார்ச் 3

கணக்குப் போட்டேன். ராத்திரிக் கூத்து எட்டு மணி நேரம். கேமராவிலிருந்து அப்படியே வரும் ஒரிஜினல் 61 ஜிபி. அதை, சர்வரில் நாங்கள் வைத்திருக்கும் வீடியோ மென்பொருளான பீர்டியூப், 1080, 720, 480 என்று மூன்று அளவில் சுருக்கி வைக்கிறது; அது ஒரு 19 ஜிபி. ஆக, ஒரு ராத்திரிக்கு 80 ஜிபி. பன்னிரண்டு ராத்திரி சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு டிபி. நம்மிடம் இருப்பதே இரண்டு டிபி. மாசி, பங்குனி, சித்திரை என்று கூத்து வரிசையாக வருகிற காலம் இது.

சர்வரைச் சேர்ந்து நடத்துகிற பதினான்கு பேர், மாதம் ஆளுக்கு 200 ரூபாய், 2,800 ரூபாய். பில் 2,650. இதற்கு அடுத்த அளவு சர்வருக்குப் போனால் 4,900. யூரோ ஏறினால் அதுவும் ஏறும்.

பீர்டியூபில் ஒரே வீடியோவைப் பார்க்கிறவர்கள் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வார்கள், சர்வருக்குச் சுமை குறையும் என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். உண்மைதான், ஆனால் பலர் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அது நடக்கும். நம் ஆட்கள் வயல் வேலை முடித்து ஒருவர், கடை சாத்தி ஒருவர் என்று தனித்தனியாக வருகிறார்கள். இடப் பிரச்சினைக்கோ அது எந்த வகையிலும் உதவாது. யாரும் பார்க்காத வீடியோவுக்கும் அதே வாடகை.

மார்ச் 6

98.

மார்ச் 9

ராத்திரி இரண்டு மணி. முடித்துவிட்டேன்.

கடந்த ஒரு வருடத்தில் இருபது பேருக்கும் குறைவானவர்கள் பார்த்த எல்லா வீடியோவிலும் ஒரிஜினல், 1080, 720 மூன்றையும் அழித்து 480-ஐ மட்டும் வைத்தேன். எந்த வீடியோவும் முழுசாகப் போகவில்லை. யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வாரம் பேசியிருப்போம், அதற்குள் சர்வர் நின்றிருக்கும்.

71 சதவீதம்.

மார்ச் 10

நிம்மதியான தூக்கம். தம்பி கூத்தை ஏற்றி முடித்துவிட்டான்.

மார்ச் 14

பஸ் ஸ்டாண்டில் கூத்து வாத்தியாரைப் பார்த்தேன். ஆத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். டீ வாங்கிக் கொடுத்து, அவருடைய ஜமாவின் 'கர்ண மோட்சம்' இப்போது நல்ல தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டேன். அது அதிகம் பேர் பார்க்கிற வீடியோ என்பதால் அதில் நான் கை வைக்கவே இல்லை. 80 ஜிபியும் பத்திரமாக இருக்கிறது.

"தெளிவுங்களா? நம்ம பசங்க அதைப் பாக்கறதில்லைங்க தம்பி. போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வண்டியில போறப்ப கேப்பானுங்க. பாட்டு மனப்பாடம் ஆகோணுமில்ல. விருத்தம் எந்த எடத்துல நிக்குது, முகவீணை எங்க சேருது, அது காதுல விழுந்தாப் போதும். அடவை நான் நேர்ல சொல்லிக் குடுத்துக்குவேன்."

"அப்ப படமே வேண்டாமாங்க?"

"இருந்தா இருக்கட்டும். பொம்பள வேஷக்காரன் வீட்டுல பாப்பாங்க, புள்ள நல்லா இருக்குதுன்னு." சிரித்தார். "சத்தந்தான் நடுவுல கரகரன்னுது. மைக்கைக் கொஞ்சம் மிருதங்கத்துக்கிட்ட இருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்க."

பஸ் வந்துவிட்டது.

மார்ச் 15

எட்டு மணி நேர ஒலியை மட்டும் வைத்தால் 460 எம்பி. 80 ஜிபி எங்கே, 460 எம்பி எங்கே. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், கணக்கு சரிதான். என்ன தேவை என்று நான்கு வருடமாக அவர்களிடம் நான் கேட்டதே இல்லை.

மார்ச் 19

மரச்சிற்பி அண்ணன் பட்டறைக்கு வரச் சொல்லியிருந்தார். வாசலில் தூங்குவாகைத் துண்டுகள் அடுக்கி இருந்தன. உள்ளே பாதி செதுக்கிய தசாவதாரப் பலகை, தரையெங்கும் சுருள் சுருளாகச் சீவல். புதிதாக வேலை கற்க வந்த பையன் ஒருவன் போனை என் பக்கம் நீட்டினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பட்டறையில் நான் எடுத்த வீடியோ. அண்ணன் யாளியின் முகத்தைச் செதுக்குகிறார். இருபத்திரண்டு நிமிடம்.

"சார், போன மாசம்கூட நல்லாத் தெரிஞ்சுதுங்க. இப்ப கண்ணுகிட்ட வந்தா மங்கலா இருக்குது."

அவன் நிறுத்திக் காட்டிய இடத்தைப் பார்த்தேன். யாளியின் கண் பிதுங்கி நிற்க வேண்டும். அதற்கு இமைக்கும் முழிக்கும் நடுவே உளியைச் சாய்த்து உள்ளே வெட்டி எடுக்க வேண்டும். மர ரேகைக்கு எதிராகப் போனால் சிலும்பிவிடும். எந்தப் பக்கமிருந்து உளி நுழைகிறது என்பதுதான் அங்கே பாடம். 480-இல் அந்த இடம் பழுப்பாக ஒரு குழைவு. ரேகையும் தெரியவில்லை, உளி முனையும் தெரியவில்லை.

ஒரு வருடத்தில் அதைப் பார்த்தது பதினொரு பேர். பதினொரு பேரும் இந்தப் பட்டறைகளில் இருக்கிறவர்களாகத்தான் இருக்கும். ஒரிஜினல் மூன்று ஜிபிகூட இல்லை.

நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்கா எடுத்துக்கலாமுங்க" என்றார். எப்போது என்று கேட்டேன். "யாளிக்கு ஆர்டர் வரோணும். அது ஒரு கோயிலுக்குப் பண்ணது. இப்பெல்லாம் புள்ளையாரும் தசாவதாரமுந்தான் கேக்கறாங்க."

தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று சொல்லி இந்தப் பட்டறை வீடியோக்களைத்தான் எல்லோருக்கும் பெருமையாக அனுப்பினேன்.

மார்ச் 20

பழைய ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் தேடிவிட்டேன். இல்லை.

மார்ச் 24

ராத்திரி பதினான்கு பேரில் ஒன்பது பேர் போனில் கூடினோம். அழித்ததைச் சொன்னேன். ஒருவர் ரொம்பக் கடுமையாகப் பேசினார். பேச வேண்டியதுதான்.

பிறகு பேச்சு பணத்துக்குப் போனது. காதுகுத்து, கல்யாண வீடியோவெல்லாம் வருகிறதே, அதற்குக் காசு வாங்கலாம் என்றார் ஒருவர். வேண்டாம், எல்லாவற்றையும் பெரிய கம்பெனித் தளத்திலேயே போட்டுவிடலாம், இலவசம்தானே என்றார் இன்னொருவர். பீர்டியூபை உருவாக்கிய பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பே, தான் நடத்திய சேவைகள் கைமீறி வளர்ந்தபோது, அவற்றில் பலவற்றைப் படிப்படியாக மூடுவதாக 2019-இல் அறிவித்ததைச் சொன்னேன். எல்லாம் ஒரே இடத்தில் குவிய வேண்டாம், அங்கங்கே சிறு சிறு குழுக்கள் நடத்தட்டும் என்பது அவர்கள் எண்ணம். இந்தியாவில் எஃப்எஸ்சிஐ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் நண்பர்களும் தன்னார்வலர்களாகவே ஒரு பீர்டியூப் நடத்துகிறார்கள். ஈழத்து மின்நூலகமான 'நூலகம்' 2005-இல் தொடங்கி இன்றுவரை நன்கொடைகளின் துணையோடு நிற்கிறது. அவர்களால் முடிகிறது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. நூலகத்தில் எந்தத் துண்டுப் பிரசுரத்தையும் எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்து வைப்பதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கூத்துக்கு ஒலியும் 480-ம் போதும், பட்டறைக்கு ஒரிஜினல் வேண்டும் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். காதுகுத்துக்கு எது என்பதில் முடிவு வரவில்லை. பணத்திலும் வரவில்லை. இரண்டு பேர் அடுத்த மாதம் முதல் விலகிக்கொள்கிறார்கள்.

இனி எதை அழிப்பதானாலும் அதில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

மார்ச் 27

'கர்ண மோட்சம்' ஒரிஜினலை அழிக்கலாமா என்று வாத்தியாரிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வேஷக்காரன் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றனுங்க" என்றார்.

சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். பையன் கழிவுத் துண்டு ஒன்றில் கண் மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது துண்டாம். இடது ஓரம் சிலும்பியிருந்தது. அண்ணன் அவன் கையைப் பிடித்து உளியைத் திருப்பி வைத்தார். கேமராவை வெளியே எடுத்தேன், வெளிச்சம் போதவில்லை. நாளைக் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பில் கட்ட இன்னும் மூன்று நாள். 74 சதவீதம்.