சத்தம் போடும் பிழை நல்லது

நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: திரையில் எரர் வந்தால் பதறாதீர்கள். வர வேண்டிய இடத்தில் அது வராமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

பைத்தானில் இன்புட் வழியாக ஒரு விலையைக் கேட்கிறீர்கள். எதிரில் இருப்பவர் 5 என்று அடித்தாலும் உங்கள் கைக்கு வருவது ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்து. அதோடு 3-ஐக் கூட்டச் சொன்னால் டைப் எரர் என்று சொல்லிப் பைத்தான் நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது. இரண்டையும் ஒட்டவைத்து 53 என்று தரும். கூட்டாமல் கழித்தாலோ 2 என்று சரியான விடை வரும்! ஒன்று சரி, ஒன்று தப்பு, இரண்டிலும் சத்தமே இல்லை. சி மொழியில் எழுத்தை எண்ணாக மாற்றும் ஏடோஐ இன்னும் மோசம். எண்ணே இல்லாத எழுத்தைக் கொடுத்தாலும் 0 என்று சொல்லிவிடும். பாக்கி இல்லாதவர் கணக்கிலும் பூஜ்யம், தப்பாக அடித்தவர் கணக்கிலும் பூஜ்யம். பிறகு யார் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் தொகையை 1,25,000 என்று கமா போட்டுத்தான் எழுதுவோம். பைத்தானில் எழுத்தை எண்ணாக மாற்றும் இன்ட் அதை ஏற்காமல் வேல்யூ எரர் தரும். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் முதல் கமாவோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு 1 என்று தரும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிடும். (௧௨ என்று தமிழ் எண்ணில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், பைத்தானின் இன்ட் அதை 12 என்று சரியாக வாங்கிக்கொள்ளும். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.)

ஆகவே, ட்ரை போட்டு, எக்ஸெப்டுக்குக் கீழே பாஸ் என்று எழுதி, வந்த எரரின் வாயை அடைக்காதீர்கள். அவசரத்தில் பலரும் செய்வது இது. பின்னால் மாதக்கணக்கில் தப்பான கணக்கு ஓடும். எண்ணாக மாற்றும் ஒரு வரியை மட்டும் ட்ரைக்குள் வையுங்கள். வேல்யூ எரரைப் பெயர் சொல்லிப் பிடியுங்கள். என்ன தப்பு என்று பயனருக்குச் சொல்லி மறுபடி கேளுங்கள். உள்ளே வரும்போதே மாற்றிவிட்டால், நிரல் முழுக்கச் சந்தேகத்தோடு அலைய வேண்டியதில்லை.

இலக்கமாக இருப்பதெல்லாம் எண்ணும் அல்ல. 0-வில் தொடங்கும் தொலைபேசி எண்ணை இன்டாக மாற்றினால் அந்த 0 போய்விடும். எக்ஸெல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கூட்டவோ கழிக்கவோ தேவைப்படாத இலக்கங்களை எழுத்தாகவே விட்டுவையுங்கள்.