கோடும் கழலையும்



சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு முன்புறத்தில் ஒரு கல்யாண முருங்கை நிற்கிறது. முள்முருங்கை என்றும் இதனைச் சொல்வர். நாம் சமைக்கும் முருங்கைக்கும் இதற்கும் உறவில்லை. இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய்க்காரர்கள் இதனை 'டெடாப்' என்பர். என் வீட்டில் இருப்பது 'டெடாப் பாத்தேக்' எனப்படும் அழகு வகை. ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலைகள். ஒவ்வோர் இலையிலும் நடு நரம்பிலிருந்து கிளை நரம்புகள் வரை மஞ்சள் கோடுகள் ஓடும். பாத்தேக் துணியில் கைதேர்ந்தவர் வரைந்த கோலத்தைப் போல இருக்கும்.

2016ஆம் ஆண்டு ஒரு பூச்செடிக் கடையில் இடுப்பளவு உயரக் கன்றாக இதனை வாங்கினேன். தோட்டப்புறத்தில் வளர்ந்த என் அம்மா முதலில் முகம் சுளித்தார். "கல்யாண முருங்கைன்னா பச்சைப் பசேல்னு இருக்கும். இது என்னம்மா, நோவு பிடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். அடுத்த வீட்டு அண்ணனும் அதையே சொன்னார். வேலிக்கு அப்பால் இருக்கும் தம் செடிகளுக்கும் இந்த மஞ்சள் பரவிவிடும் என்று அவருக்குக் கவலை.

இம்மரத்தின் அறிவியல் பெயரிலேயே விடை இருக்கிறது. எரித்ரினா வேரியகேட்டா என்பது அப்பெயர்; 1754இல் வெளியிடப்பட்டது. 'வேரியகேட்டா' என்றால் பல வண்ணம் கொண்டது என்று பொருள். முழுப்பச்சை இலை மரங்களே மிகுதியாகக் காணப்படுகின்றன என்றாலும், பெயர் அமைந்தது வண்ண இலையைக் கொண்டுதான். மஞ்சளாகத் தெரியும் இடத்தில் பச்சையம் குறைவு, அவ்வளவே. கிளையை வெட்டி நட்டால் புதுச் செடியிலும் அதே கோடுகள் வரும். ஆனால், பக்கத்துச் செடிக்கு அவை தாவுவதில்லை. அண்ணனின் செடிகள் இத்தனை ஆண்டுகளாகப் பச்சையாகவே இருக்கின்றன.

வளர்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை மூன்று நான்கு அடி நீளத்தில் வெட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்து, பின் நடலாம். எளிதில் வேர் பிடிக்கும். நல்ல வெயில் வேண்டும். என் மரத்தில் நிழல் விழும் பக்கத்து இலைகளில் மஞ்சள் மங்கியே இருக்கிறது. விட்டால் 20 மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மரம் இது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து எட்டடிக்குள் வைத்திருக்கிறேன். அதனால் அதன் சிவந்த பூக்களைப் பார்க்கும் பேறு எனக்குக் கிட்டவில்லை. தண்டில் முள் உண்டு. விதை நச்சுத்தன்மை கொண்டது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இவ்விரண்டையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு நான் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. அவ்வகுப்பில் ஒரு மாணவிக்கு முழங்கையிலும் உதட்டோரத்திலும் வெண்திட்டுகள் தோன்றியிருந்தன. ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் அமரும் பிள்ளையின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. என் மகளை வேற இடத்துல உட்கார வைக்க முடியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பில் பலரையும் இடம் மாற்றினேன். அந்த மாற்றத்தில் அம்மாணவி தனி மேசைக்குப் போனாள். யார் மனமும் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

அதே சமயத்தில் என் மரத்திற்கு உண்மையாகவே நோய் வந்தது. இளந்தளிர்கள் சுருண்டன. காம்புகளிலும் இலைகளிலும் கொப்புளங்களாகக் கழலைகள் புடைத்தன. தேடிப் படித்ததில், இது ஒரு சிறு குளவியின் வேலை என்று அறிந்தேன். பெண் குளவியே ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். தளிரில் முட்டையிடும், புழு உள்ளேயிருந்து வளர, அதனைச் சுற்றித் திசு வீங்கும். சிங்கப்பூர், மொரிசியஸ், ரீயூனியன் ஆகிய இடங்களில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2004இல்தான் அறிவியலாளர்கள் இவ்வினத்திற்குப் பெயரிட்டனர். மறு ஆண்டே ஹவாயில் இது காணப்பட்டது. அங்குள்ள முருங்கையின மரங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்திற்குப் பரவுவது இதுதான்.

அடுத்த வீட்டு அண்ணன் வேலியருகே வந்தார். "நான் அப்பவே சொன்னேனே, நோய் மரம்னு. வெட்டிப் போடுங்க டீச்சர்" என்றார். நான் ஓர் இலையைப் பறித்துக் காட்டி, அரைமணி நேரம் விளக்கினேன். கோடு வேறு, கழலை வேறு. கோடு அதன் இயல்பு. யாருக்கும் கெடுதல் இல்லை. கழலைதான் நோய், அதைத்தான் அகற்ற வேண்டும். அன்று மாலையே பாதிக்கப்பட்ட கிளைகளை எல்லாம் வெட்டினேன். திறந்த வெளியில் எரிப்பது குற்றம் என்பதால், கறுப்பு நெகிழிப் பைகளில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிட்டுப் பின்னரே குப்பையில் சேர்த்தேன். மரம் மொட்டையாக நின்றது.

அதற்கு மறுநாள், வகுப்பில் கட்டுரைப் பயிற்சி ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாணவி தன் ஏட்டை மற்றவற்றின்மேல் வைக்காமல், என் மேசையின் ஓரத்தில் தனியாக வைத்தாள். "ஏன்மா அங்கே வைக்கிற?" என்று கேட்டேன்.

"தொட்டா ஒட்டிக்குமாம் டீச்சர்" என்றாள்.

அழாமல், ஒரு தகவலைப் போலச் சொன்னாள். எனக்கு நா எழவில்லை. ஒரு மரத்திற்காகப் படித்தேன், விசாரித்தேன், அண்டை வீட்டாரிடம் வாதாடினேன். என் வகுப்புப் பிள்ளைக்காக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தத் தாயாரிடம் நான் காட்டியது நயம் என்று நினைத்தேன். பிள்ளைக்கு அது தீர்ப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்றிரவுதான் அதைப் பற்றி முறையாகப் படித்தேன். வெண்புள்ளி எனப்படும் இந்நிலையில், தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிகின்றன. பெரும்பாலும் உடலின் தற்காப்பு ஆற்றலே அவற்றைத் தாக்குகிறது. இது தொழுநோய் அன்று. தொட்டாலும் சேர்ந்து உண்டாலும் ஒட்டாது.

அந்தத் தாயாரை மீண்டும் அழைத்தேன். முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, பின் விளக்கினேன். அவர் தயங்கினார், இரண்டாம் முறை வந்தபோது ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளைப் பழைய இடங்களுக்கு மாற்றினேன். மாணவியிடமும் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இலையை வகுப்பிற்கு எடுத்துச் சென்று, 'இதைப் போலத்தான் இவளும்' என்று பேசலாமா எனவும் ஓர் எண்ணம் வந்தது. உடன் பணியாற்றும் மூத்த ஆசிரியை தடுத்தார். "அவளைக் காட்சிப் பொருளாக்கிடாதம்மா" என்றார். அவர் சொன்னது சரி. எந்தத் தொற்று எப்படிப் பரவும், எது பரவாது என்பதை எல்லாருக்கும் பொதுவான நலக்கல்விப் பாடமாகவே நடத்தினேன்.

மரம் சில வாரங்களில் துளிர்த்தது. புதுத் தளிர்களிலும் அதே மஞ்சள் கோடுகள். பிறகும் இருமுறை கழலை வந்தது, உடனுக்குடன் வெட்டிவிட்டேன்.

சென்ற ஆண்டு, இப்போது இடைநிலைப்பள்ளியில் பயிலும் அம்மாணவி தன் தந்தையோடு வீட்டிற்கு வந்தாள். அண்ணன் திருமணத்தில் அரசாணிக்காலுக்குக் கல்யாண முருங்கைக் கிளை வேண்டுமாம். "கோடு போட்ட கிளைதான் இருக்கு, பரவாயில்லையா சார்?" என்று தந்தையைக் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் அவள் கிளையை வாங்கிக்கொண்டாள். மணம் முடிந்ததும் அதனை வீட்டு வாசலில் நட்டார்களாம். துளிர்விட்ட படத்தைப் புலனத்தில் அனுப்பியிருந்தாள்.

பெற்றோர் தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோளோடு வரும்போது, காரணத்தைக் கேட்காமல் இப்போதெல்லாம் நான் ஒரு நாற்காலியையும் நகர்த்துவதில்லை.